செய்தது இயந்திரம், செய்வித்தது யார்?

கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகிற வழியில், தெரிந்தவர் ஒருவருக்கு ஏழு அறை கொண்ட லாட்ஜ் இருக்கிறது. சீசனுக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கம் போனபோது போனை நீட்டினார். பன்னிரண்டு விநாடி வீடியோ. பால்கனியில் ஒரு பெண் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறாள். பனிமூட்டம் மெல்ல விலகுகிறது. கீழே தேயிலைச் சரிவு, அதற்கு அப்பால் ஓர் அருவி. இந்த ஊரைத் தெரிந்த நானே ஒரு கணம் ஏமாந்துவிட்டேன். பிறகு அதே பால்கனியில் போய் நின்றேன். எதிரே பக்கத்து வீட்டு மொட்டை மாடி, கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, கொடியில் காயும் கம்பளி. அருவி இல்லாமல் இல்லை, கேத்தரின் அருவி இருக்கிறது. ஆனால் வண்டி எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும். வீடியோவை இன்னொரு முறை ஓட்டினேன். கோப்பைக்கு இரண்டு கைப்பிடி.

"இது நாங்க எடுத்தது இல்லீங்கண்ணா, ஏஐ போட்டது. மேட்டுப்பாளையத்துப் பையன் ஒருத்தன் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு முடிச்சுக் குடுத்தான். இதுக்குப் போய் நம்மளை யாருங்க கேக்கப் போறாங்க?"

குன்னூர் நீதிமன்றத்தில் வழக்குப் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. லாட்ஜ்காரர், சாக்லேட் கடைக்காரர், தைலம் விற்பவர், ஜீப் ஓட்டுபவர் என்று எல்லோர் கையிலும் ஒரு வீடியோ. ட்ரோன் வாடகை கிடையாது, கேமராக்காரருக்குச் சாப்பாடு போட வேண்டாம், மழை விடும் வரை காத்திருக்க வேண்டாம். நாலு வரி எழுதினால் போதும். கூடவே ஒரு பயமும் வந்திருக்கிறது, ஆனால் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. "டிஸ்னிக்காரன் கேஸ் போடுவானா?", "ரஜினி குரல் வைக்கலாமா?" என்கிறார்கள். சின்டெக்ஸ் தொட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என் கணக்கில் இந்த மலையிலிருந்து முதலில் வழக்காகப் போகப்போவது அந்தத் தொட்டிதான்.

பிறவினைச் சட்டம்

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். செய்தான் என்றால் தன்வினை, செய்வித்தான் என்றால் பிறவினை. ஏஐ வீடியோ விஷயத்தில் நம் சட்டம் பேசுவது முழுக்கப் பிறவினையில்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 89-ஆம் பிரிவைப் பாருங்கள். பொய்யான அல்லது தவறாக எண்ண வைக்கிற விளம்பரத்தைச் 'செய்விக்கிற' உற்பத்தியாளரும் சேவை வழங்குநரும் அதில் மாட்டுகிறார்கள். யார் வரைந்தார், எந்த மென்பொருள், எத்தனை ரூபாய் என்ற விசாரணையே அங்கே இல்லை. முதல் தடவை 2 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 50 லட்சம். விளம்பரம் என்ற சொல்லுக்கு அதே சட்டம் தரும் விளக்கம் இன்னும் வேடிக்கையானது. ஒளி, ஒலி, அச்சு, இணையம் என்று அடுக்கிக்கொண்டே போய், புகையாலும் வாயுவாலும் செய்கிற விளம்பரத்தையும் சேர்த்திருக்கிறார்கள். புகையையே விடாதவர்கள் ஏஐயை விடுவார்களா?

காப்புரிமைச் சட்டமும் (காப்பிரைட்) இதே பாஷைதான் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணினி உருவாக்கிய எழுத்துக்கும் இசைக்கும் படத்துக்கும் ஆசிரியர் யாரென்றால், அதை உருவாக்கச் செய்தவர். அசையும் படமென்றால் தயாரிப்பாளர், அதாவது அதை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர். 'இந்த வீடியோ என்னுடையது, போட்டி லாட்ஜ்காரர் எடுத்துப் போட்டுக்கொண்டார்' என்று நாளைக்கு நீங்கள் வழக்குப் போட வேண்டுமானால் இந்தப் பிறவினையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சொத்துக்கு மட்டும் நான் செய்வித்தேன், வழக்குக்கு வந்தால் ஏஐ செய்தது என்று இரண்டு நாக்கால் பேச முடியாது.

வெளிநாட்டில் ஒரு நிறுவனம் இதைப் பேசிப் பார்த்தது. ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், துக்கத்துக்குப் போகும் பயணிக்கான கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. பயணி பணத்தைத் திருப்பிக் கேட்டார். சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற ரீதியில் நிறுவனம் வாதாடியது. சாட்பாட் என்ன தனி நபரா என்று கேட்ட பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம், 2024 பிப்ரவரியில் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் அந்த வாதம் அன்றோடு போயிற்று.

தொட்டியின் வழக்கு

89-ஆம் பிரிவைச் சொன்னதும் லாட்ஜ்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவு பதற்றம் வேண்டாம் என்றேன். அந்தப் பிரிவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். கோபத்தோடு அறையைக் காலி செய்யும் விருந்தினர் நேராகப் போய் உங்களை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. அவர் செய்யக்கூடியது வேறு, அதுதான் நிஜமான தொல்லை.

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் அந்த வீடியோவைப் பார்த்து இரண்டு இரவுக்கு 9,000 ரூபாய் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து திரையை விலக்கினால் தொட்டி. சண்டை போடுவதில்லை. பால்கனியிலிருந்து இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பழைய 1986 சட்டம் என்றால் எதிர்த்தரப்பு இருக்கிற ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க வேண்டும். ஊட்டிக்கு வந்து வழக்கு நடத்த யார் வருவார்கள்? 2019 சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். இணையத்தில், வீட்டில் உட்கார்ந்தபடியே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு வரை அவகாசம் வேறு.

நோட்டீஸ் கோத்தகிரிக்கு வரும். 30 நாளில் பதில் தர வேண்டும், கெஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒருநாள்கூட நீட்ட முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பெங்களூரில் வக்கீல் வைக்கிற செலவே அறை வாடகையைத் தாண்டிவிடும். 'வீடியோ ஏஐ போட்டது' என்று பதில் மனுவில் எழுதினால், காட்சி பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

அப்படியென்றால் அழகாகக் காட்டுவதே குற்றமா என்று கேட்பார்கள். இல்லை. 'மனசு லேசாகும் மலைக்காற்று' என்று சொல்லலாம், அதை யாரும் தராசில் வைக்க மாட்டார்கள். வீடியோவைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம், நிறம் கூட்டலாம். சிக்கல் வருவது, பணம் கட்டுபவர் எதை நம்பிக் கட்டுகிறாரோ அதை மாற்றும்போது. அறையின் அளவு, ஜன்னலுக்கு வெளியே தெரிவது, அருவிக்கு உள்ள தூரம், வாசல் வரை வண்டி வருமா என்பது இதெல்லாம் அந்த வகை.

ஏஐயின் குணம் அங்கேதான் இடிக்கிறது. மலை என்று எழுதினால் அது உலகத்து மலைகளையெல்லாம் கலக்கி ஊற்றித் தருகிறது. கொடைக்கானல் என்று கேட்டதற்கு ஸ்விட்சர்லாந்துக் கூரை வைத்த வீடுகள் வந்ததை நானே பார்த்தேன். ஊட்டிக் குளிர்காலம் என்று கேட்டால் பஞ்சு பஞ்சாகப் பனி கொட்டுகிறது. நமக்கு விழுவது உறைபனி. டிசம்பர், ஜனவரி விடியலில் தலைக்குந்தாப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், வெயில் ஏறினால் போய்விடும். பனிப்பொழிவு பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டால், வருகிறவர் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

குறிஞ்சி அதைவிட மோசம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு தடவை. 2006, 2018 என்று பூத்தது, அடுத்த பெரும்பூப்பு 2030-ல். இடையில் வேறு வகைக் குறிஞ்சிகள் அங்கங்கே பூக்கும், அது வேறு கதை. ஏஐக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது. எந்த வருஷம் கேட்டாலும் மலை முழுக்க நீலம் பூசித் தரும். அதைப் போட்டு 'இந்த சீசன் பேக்கேஜ்' விற்றால் அது பொய் விளம்பரம் என்று நிரூபிக்க வக்கீலே வேண்டாம், நாட்காட்டி போதும்.

சொல்லாமல் விடுவதும் இதே கணக்கில் சேரும். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் தினசரி வண்டிகளுக்கு உச்சவரம்பும் வந்தது. 'இன்றே கிளம்புங்கள், நேராக வாருங்கள்' என்று காலியான கொண்டை ஊசி வளைவில் கார் பறக்கிற வீடியோவைப் போடுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மூலையில் சின்ன எழுத்தில் 'கற்பனைக் காட்சி' என்று போட்டுவிட்டால் ஆயிற்றே என்பவர்கள் நிறைய. 2022-ல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் அந்தக் கதவை ஏற்கெனவே சாத்திவிட்டன. பெரிய எழுத்துப் பொய்யைச் சின்ன எழுத்து திருத்த முடியாது. குறிப்பு இருந்தாலும், விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் வக்கீல் பயமுறுத்தல் என்று தோன்றினால் இரண்டு சம்பவம். 2024 பிப்ரவரி 24 அன்று கிளாஸ்கோவில் குழந்தைகளுக்கான சாக்லேட் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஏஐ வரைந்த மிட்டாய்த் தோட்டப் படங்களை நம்பி 35 பவுண்டு வரை கொடுத்து வந்தவர்கள் கண்டது ஏறக்குறைய காலியான ஒரு கிடங்கை. பெற்றோர் கொதித்துப்போய், போலீஸ் வந்து, நிகழ்ச்சி பாதியில் நின்றது. 2025-ல் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு கேபிள் கார் ஓடுவதாக ஒரு வீடியோ. செய்தியாளர் பேட்டி எடுக்கிறார், பயணிகள் சிரிக்கிறார்கள். வயதான தம்பதி ஒன்று கோலாலம்பூரிலிருந்து கிளம்பி வந்து அதைத் தேடியதாக ஹோட்டல் ஊழியர் ஒருவர் எழுதினார். கேபிள் காரும் கிடையாது, செய்தியாளரும் கிடையாது. கூகுளின் ஏஐ வீடியோக் கருவியான வியோ 3-இன் முத்திரை மட்டும் மூலையில் இருந்தது. கொடைக்கானலுக்கு ரோப்கார் வருகிறது என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த நாம் இதற்குச் சிரிக்கக் கூடாது.

முகம், குரல், தைலம்

நடிகர் முகத்தை வைக்கலாமா என்பதற்கு நீளமாகப் பதில் வேண்டியதில்லை. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் நம்ம ஊர் வழக்கு, ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமானது. 2015-ல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023-ல் அனில் கபூருக்கு டெல்லியிலும், 2024-ல் குரலை ஏஐ நகலெடுத்ததற்காகப் பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பையிலும் உத்தரவு கிடைத்தது. மறைந்தவர்களின் முகத்தை எடுத்தால் கேட்க ஆளில்லை என்று ஒரு சமாதானம் உலவுகிறது. அந்தரங்க உரிமை வாரிசுக்குப் போகாது என்று 2021-ல் தீபா ஜெயக்குமார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் முகம் எந்தப் படத்திலிருந்து வந்ததோ அந்தப் படத்தின் காப்புரிமை 60 ஆண்டு உயிரோடு இருக்கும். ஏ.ஆர்.ரகுமான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலை ஏஐ வழியாகப் பாட வைத்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அவருக்கே அதுதான் வழி என்றால் வறுக்கி பிஸ்கட் கடைக்கு வேறு குறுக்குவழி இருக்காது.

எனக்குக் கவலை பிரபலமில்லாத முகங்கள் மேல்தான். போன சீசனில் தங்கிய புதுமணத் தம்பதியின் போட்டோவை ஆப்பில் ஏற்றி ஆட வைத்துப் போடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் அக்காவின் முகத்தை எடுத்து, அவர் சொல்லாத வசனத்தை வாயில் வைக்கிறார்கள். 1994 தீர்ப்பு பிரபலங்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. இதற்கு மேல் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். செக்-இன் செய்யும்போது வாங்கிய சம்மதம் விளம்பரத்துக்குச் செல்லாது.

தைலத்துக்கு வருகிறேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஏஐ டாக்டர் ஒருவர் யூகலிப்டஸ் தைலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முடக்குவாதம் மூன்று வாரத்தில் குணமாகும் என்கிறார். இதற்கு 1954-லேயே சட்டம் இருக்கிறது, மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம். அதன் பட்டியலில் வாத நோய், நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் உண்டு. அவற்றுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதில் 'எந்தப் பங்கு' எடுத்தாலும் குற்றம், முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை. எந்தப் பங்கும் என்றால் வீடியோ போட்டுக் கொடுத்த பையனும் சேர்த்திதான். டாக்டர் மட்டும் தப்பித்துக்கொள்வார், அவர்தான் பிறக்கவே இல்லையே.

நீலகிரிப் பழங்குடியான தோடரின் பூத்தையலுக்கு 2013 முதலும் ஊட்டி வறுக்கிக்கு 2023 முதலும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஏஐ வரைந்த சிவப்புக் கறுப்புக் கட்டங்களை இயந்திரத்தில் அச்சடித்துத் தோடர் சால்வை என்று விற்றால், அது விளம்பரத் தவறோடு நிற்காது. புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் 6 மாதத்துக்குக் குறையாத சிறை எழுதியிருக்கிறது.

பையனும் கம்பெனியும்

ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் பையன் மேல் பழியைப் போட முடியுமா? விருந்தினரிடம் முடியாது. உங்கள் சார்பில் வேலை செய்தவர் செய்தது உங்களைக் கட்டும் என்பது 1872 ஒப்பந்தச் சட்ட காலத்து விதி. நீங்கள் நஷ்ட ஈடு கட்டிவிட்டுப் பிறகு பையனிடம் வசூலிக்கலாம், அப்படி எழுதி வாங்கியிருந்தால். எழுதி வாங்கியவர் எத்தனை பேர்? இருப்பது வாட்ஸ்அப்பில் 'தம்பி, அருவி நல்லாத் தெரியற மாதிரி போடு' என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான். அது யாருக்கு எதிரான சாட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏஐ கம்பெனி மேல்? சந்தா கட்டும்போது படிக்காமல் 'ஏற்கிறேன்' அழுத்துகிறோமே, அதில் பதில் இருக்கிறது. பொதுவாக, உள்ளே போடுவதற்கும் வெளியே வருவதற்கும் பொறுப்பு பயனரே என்றிருக்கும். ஓபன்ஏஐயின் விதிமுறையில் நிறுவனத்தின் பொறுப்புக்கு வைத்திருக்கும் வரம்பு, கடந்த 12 மாதத்தில் நீங்கள் கட்டிய தொகை அல்லது 100 டாலர், இதில் எது அதிகமோ அது. அடோபி, கூகுள் போன்றவை பெரிய நிறுவனங்களுக்கான சில திட்டங்களில், காப்புரிமை வழக்கு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கின்றன. கவனியுங்கள், காப்புரிமை வழக்குக்குத்தான். சின்டெக்ஸ் தொட்டியை மறைத்ததற்கு எந்தக் கம்பெனியும் முன்னால் வந்து நிற்காது.

டிஸ்னி பற்றிய கேள்வியையும் முடித்துவிடலாம். 2025 செப்டம்பரில் டிஸ்னி, யுனிவர்சல், வார்னர் மூன்றும் சேர்ந்து, ஹைலுவோ வீடியோ சேவையை நடத்தும் சீனாவின் மினிமேக்ஸ் மீது வழக்குப் போட்டன. பெரிய சண்டை பெரிய ஆட்களுக்குள் நடக்கிறது. அதற்காகச் சாக்லேட் கடை வீடியோவில் அவர்கள் பொம்மை ஆடினால் நீங்கள் தப்பித்தீர்கள் என்றாகாது. காப்புரிமை இருப்பது தெரியாது, சந்தேகிக்கவும் காரணமில்லை என்று நிரூபித்தால் நஷ்ட ஈடு கட்டாமல், தடை உத்தரவோடும் கிடைத்த லாபத்தைத் திருப்பிக் கொடுப்பதோடும் தப்பிக்க 55-ஆம் பிரிவில் வழி உண்டு. உலகமே அறிந்த எலியைக் காட்டிவிட்டு எனக்குத் தெரியாது என்றால் நீதிபதி சிரிப்பார்.

கடைசியாக, லேபிள். தகவல் தொழில்நுட்ப விதிகளில் 2026 பிப்ரவரி 20 முதல் ஒரு திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. நிஜம் போலத் தோன்றுகிற செயற்கைக் காட்சிக்குத் தெளிவான அடையாளம் வேண்டும். பெரிய சமூக ஊடகங்கள், ஏற்றும்போதே இது ஏஐயா என்று உங்களிடம் கேட்க வேண்டும். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும். நிறம் திருத்துவது, சத்தம் குறைப்பது போன்ற சாதாரண எடிட்டிங்குக்கு விலக்கு உண்டு. லேபிள் போடும் கடமை முதலில் தளங்களுக்குத்தான், ஆனால் ஏஐ இல்லை என்று பொய்யாக டிக் அடித்தால் அந்த டிக் உங்கள் பெயரில் பதிவாகி நிற்கும். முத்திரையைக் கிராப் செய்து எடுத்துத் தருகிறேன் என்று பையன் சொன்னால், அந்த 200 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். லேபிள் போட்டுவிட்டோம் என்று தொட்டியை மறந்துவிடவும் வேண்டாம். ஏஐ என்று ஒப்புக்கொண்டு சொன்ன பொய்யும் பொய்க் கணக்கில்தான் வரும்.

லாட்ஜ்காரர் அந்த வீடியோவை எடுத்துவிட்டார். ஏஐ செய்த ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். கோத்தகிரி வரைபடத்தில் லாட்ஜிலிருந்து கொடநாடு காட்சிமுனைக்கும் அருவிக்கும் கோடு ஓடுகிற அனிமேஷன், கிலோமீட்டர் எண்ணிக்கையோடு. மிச்சத்தைக் காலை ஆறரை மணிக்கு மகள் போனில் எடுத்தாள். பனிமூட்டம் நிஜமாகவே வந்தது, கொஞ்ச நேரம் தொட்டியையும் மறைத்தது.

அடுத்த வாரம் போன் செய்தார். "பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேனுங்கண்ணா. என் செலவுல அந்தத் தொட்டிக்குப் பச்சை பெயின்ட் அடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு. அதுல ஏதும் கேஸ் வராதுங்களே?"

வராது என்றேன்.